3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வரும் போன்களில் பாதி, "ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன், கூட வர்றீங்களா?" என்றுதான் தொடங்கும். நான் மெக்கானிக் இல்லை. 2010 மாடல் டீசல் இனோவா ஒன்றை 1,90,000 கிலோமீட்டரில் வாங்கி, இன்று 4,12,000 வரை ஓட்டியிருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி, தொகையோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இருக்கிறது என்று தெரிந்துதான் ஆட்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். செலவுக் கணக்கெல்லாம் ஈரோடு, சேலம் பக்கத்து வெளி ஒர்க்‌ஷாப் விலை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

ஒரு கார் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? 2 லட்சம் தாண்டினா முடிஞ்சுதுன்னு சொல்றாங்களே?

அது அம்பாசடர் காலத்துப் பேச்சு. அந்த நாளில் லட்சம் கிலோமீட்டருக்குள் இன்ஜினைப் பிரிப்பது சாதாரணம். இன்றைய காமன் ரெயில் (அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும்) டீசல் இன்ஜின்கள், ஆயில் நேரத்துக்கு மாற்றியிருந்தால், பிரிக்காமலே 3, 4 லட்சம் போகின்றன. சேலம், கோவை டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் இனோவா, டிசையர், எட்டியோஸ் டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 4 லட்சம் என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

உலகக் கணக்கும் உண்டு. கிரீஸ் நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004ல் அந்தக் கம்பெனியின் மியூசியத்துக்கே போனது. அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்பவர் 1966ல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013ல் 30 லட்சம் மைலைத் தொட்டார், அதாவது 48 லட்சம் கிலோமீட்டர். இதைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். அந்த டாக்ஸியில் இன்ஜின் பல முறை மாற்றப்பட்டது. கார் தானாக ஓடுவதில்லை, ஒருவர் விடாமல் செலவு செய்து ஓட வைக்கிறார்.

அப்போ மீட்டர்ல இருக்கிற நம்பரைப் பார்க்கவே வேண்டாமா?

பார்க்க வேண்டும், ஆனால் அதை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். 3 லட்சம் கிலோமீட்டரை பைபாஸில் சராசரி 60 வேகத்தில் ஓட்டியிருந்தால் இன்ஜின் ஓடியது 5,000 மணி நேரம். அதே 3 லட்சத்தைச் சென்னை டிராஃபிக்கில் சராசரி 20ல் ஓட்டியிருந்தால் 15,000 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், தேய்மானம் மூன்று மடங்கு. கிளட்ச், பிரேக், கியர் மாற்றம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகும்.

வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. ஹோஸ், புஷ், ஆயில் சீல், டயர் எல்லாம் நின்றுகொண்டிருந்தாலும் காய்ந்து வெடிக்கும். 14 வருடத்தில் 60,000 மட்டுமே ஓடிய வண்டியைவிட 7 வருடத்தில் 2,50,000 ஓடிய வண்டிக்கு முதல் வருடச் செலவு குறைவாக வந்ததை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

மீட்டரைக் குறைச்சிருக்காங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிஜிட்டல் மீட்டரை மாற்ற அரை மணி நேரம் போதும். அதனால் மீட்டரை நம்பாதீர்கள், மனிதர் உடம்பு பட்ட இடங்களைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பரின் வலது ஓரம், ஸ்டீயரிங்கின் மேல் பகுதி, கியர் நாப், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும்போது தொடை உரசும் விளிம்பு ஆகியவை பொய் சொல்லாது. பெடல் ரப்பர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 40,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் மூன்றாவது செட் டயர் எதற்கு?

ஒரு முறை நண்பருக்காகப் பார்த்த வண்டியில் மீட்டர் 78,000 காட்டியது. உள்ளே வாசனைத் திரவியம் அடித்து, சீட் கவர் புதிதாகப் போட்டு வைத்திருந்தார்கள். டிரைவர் கதவைத் திறந்து உள்பக்கத் தூணைப் பார்த்தேன். ஆயில் மாற்றிய கடைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் பாதி கிழிந்து இருந்தது. அதில் பேனாவால் எழுதியது, அடுத்த ஆயில் 2,14,000. விற்க வந்தவர் அதை உரிக்க மறந்துவிட்டார். கம்பெனி சர்வீஸ் செய்த வண்டி என்றால் பதிவு எண்ணைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். உரிமையாளரே கூட வந்து கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். வர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

பார்க்கப் போகும்போது இன்ஜினை எப்படிச் சோதிக்கிறது?

முதலில், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள், ஏனென்றால் தேய்ந்த இன்ஜின் தன் குறையைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் காட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு, டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை இருந்தால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கோளாறாகவோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போவதாகவோ இருக்கலாம்.

சூடானதும், ஓடும்போதே ஆயில் கேப்பைத் திறந்து, ஆயில் ஊற்றும் துவாரத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று புகை வந்தால், மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாகத் தெரிந்தால் சத்தத்தையும் புகையையும் மறைக்கக் கட்டி ஆயில் ஊற்றியிருக்கலாம். பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு சகஜம், விரல் சொட்டச் சொட்ட வந்தால் டர்போ சீல் போயிருக்கிறது.

நம் பக்கத்தில் பலர் பார்க்காமல் விடுவது ரேடியேட்டர். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் தெரிய வேண்டும். கொங்கு நாட்டில் பாதி டிரைவர்கள் வழியில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அந்த உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து, மே மாத வெயிலில் ஏசி போட்டு மலை ஏறும்போது சூடேறி, ஹெட் (இன்ஜினின் மேல் மூடிப் பகுதி) வளைந்துவிடும். என் வண்டியை வாங்கிய முதல் மாதம் ரேடியேட்டரைப் பிரித்தபோது, வெள்ளைக் கட்டி வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் படிவது போல் விரல் நகத் தடிமனில் வந்தது. ஹெட் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

"இன்ஜின் பிரிச்ச வண்டி"ன்னா வேண்டவே வேண்டாமா?

பிரிக்காத வண்டிக்கு மவுசு அதிகம், நியாயம்தான். ஆனால் நன்றாகப் பிரித்துச் செய்த இன்ஜினை நான் ஒதுக்க மாட்டேன். கேட்க வேண்டியது, ஏன் பிரித்தார்கள், எந்த லேத்தில் வேலை நடந்தது, பிஸ்டன், ரிங், பேரிங் பில் இருக்கிறதா, அதன்பின் எத்தனை ஓடியது. பில்லோடு 40,000, 50,000 ஓடி நிரூபித்த இன்ஜின் என்றால் வாங்கலாம். விற்பதற்கு இரண்டு மாதம் முன்பு "ஃபுல் இன்ஜின் வேலை பார்த்தாச்சு சார்" என்றால், முடிந்த மட்டும் மலிவாக ஒப்பேற்றிய வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டைமிங் பெல்ட், டைமிங் செயின் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பெல்ட் ரப்பர், கெடு முடிந்ததும் மாற்றியே ஆக வேண்டும். பழைய 2.5 லிட்டர் இனோவாவில் பெல்ட், 2016ல் வந்த இனோவா கிரிஸ்டாவில் செயின். டிசையர், ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட் ஆகியவற்றில் இருந்த 1248 சிசி ஃபியட் மல்டிஜெட் இன்ஜினிலும் செயின்தான். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் வேலை வரை போகும். எப்போது மாற்றியது என்று பில் காட்டாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

செயின் ஆயுளுக்கும் வரும் என்பார்கள். ஆனால் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ கசடானாலோ செயின் தளர்ந்து, காலை ஸ்டார்ட்டில் சில நொடி கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட வண்டிக்கு செயின் செட் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் எப்போ போகும்? எவ்வளவு ஆகும்?

எப்போது என்பது ஓட்டுபவர் காலைப் பொறுத்தது. என் வண்டியில் கிளட்ச் ஒரு முறை 1,30,000 ஓடியது, ஊர் டிராஃபிக்கில் என் மகன் ஓட்டப் பழகிய காலத்தில் 70,000தான் வந்தது. எவ்வளவு என்பதற்குத் தோராயக் கணக்கு தருகிறேன். கிளட்ச் செட் கூலியோடு சின்ன டீசல் காருக்கு 10,000 முதல் 15,000, இனோவா அளவு வண்டிக்கு 18,000 முதல் 25,000. நான்கு ஷாக் அப்சர்பர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷன் வேலை 20,000 முதல் 30,000. டர்போ ரீகண்டிஷன் 12,000 முதல் 20,000, புதிது என்றால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஏசி கம்ப்ரஸர் 15,000 முதல் 25,000.

பயப்பட வேண்டியது இன்ஜெக்டர். ஒன்று 15,000 முதல் 25,000 வரை, நான்கும் போனால் லட்ச ரூபாய் வரை. அதனால் வாங்கும் முன் ஸ்கேனர் போட்டு, நான்கு சிலிண்டருக்கும் போகும் டீசல் திருத்த அளவைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட விலகி நின்றால் அதுதான் அடுத்த செலவு. இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஸ்கேன் செய்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். பழைய உதிரி வேண்டுமானால் சென்னை புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, சீட், விளக்கு தாராளமாக எடுக்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டதை மட்டும் பழசாக வாங்கவே வாங்காதீர்கள், உயிர் விஷயம்.

அப்போ முதல் வருஷம் கையில எவ்வளவு பணம் இருக்கணும்?

கையில் 4 லட்சம் இருந்தால் 3,20,000க்கு மேல் வண்டி பார்க்காதீர்கள் என்பது என் கணக்கு. மீதி 80,000 தனியாக இருக்கட்டும். வாங்கியதும் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும், தேவைப்பட்டால் பெல்ட், பேட்டரி, டயர் என்று முதல் மூன்று மாதத்தில் 40,000, 50,000 போய்விடும். இது வண்டி கெட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. பழைய உரிமையாளர் விற்க முடிவு செய்த நாளிலிருந்து செலவை நிறுத்தியிருப்பார், அந்த பாக்கி உங்கள் தலையில் விழுகிறது.

இருக்கிற பணத்தையெல்லாம் வண்டி விலைக்கே கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் இன்ஜெக்டருக்குக் காசில்லாமல் வண்டியை ஷெட்டில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். வண்டி மூன்றும் நல்ல வண்டிதான்.

புது கார் இஎம்ஐயோட ஒப்பிட்டா உண்மையிலேயே லாபமா?

7 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 14,700, வருடத்துக்கு 1,76,000. என் நோட்டில் 9 வருடத்தில் 2,22,000 கிலோமீட்டருக்கு சர்வீஸ், ரிப்பேர், டயர் எல்லாம் சேர்ந்து 5,38,000. வருடத்துக்கு 60,000, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு. டீசல் மட்டும் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல் ஆகிறபோது, ரிப்பேர்ச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் அந்த 60,000 மாதம் 5,000 என்று ஒழுங்காக வரவில்லை. ஒரு வருடம் 22,000, அடுத்த வருடம் 1,31,000. இஎம்ஐ தேதி சொல்லிக்கொண்டு வரும், பழைய வண்டிச் செலவு திடீரென்று வந்து நிற்கும். மாதச் சம்பளத்தை நம்பி, கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு நான் பழைய டீசல் வண்டியைச் சொல்வதில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்கோ வேலைக்கோ கட்டாயம் ஓட வேண்டிய ஒரே வண்டி என்றாலும் யோசிக்கச் சொல்வேன். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளும் செலவுதான்.

டி போர்டு வண்டி வாங்கலாமா?

மஞ்சள் போர்டு என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த வெறுப்பு இல்லை. உரிமையாளரே ஓட்டிய டாக்ஸி, அவர் சோறு அதில்தான் என்பதால், பெரும்பாலும் ஆயில் தவறாமல் மாற்றிய வண்டியாக இருக்கும். ஆள் மாற்றி ஆள் ஓட்டிய கம்பெனி வண்டி வேறு கதை. டிரைவரோடு ஒரு டீ குடித்துப் பேசினாலே எது எது என்று தெரிந்துவிடும்.

காகித வேலை அதிகம். பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், ஃபைனான்ஸ் இருந்தால் முடிக்க வேண்டும், ஆயுட்கால வரி கட்ட வேண்டும், ஸ்பீடு கவர்னரை எடுக்க வேண்டும். இதையெல்லாம் விற்பவரே முடித்து ஓன் போர்டாக (சொந்த உபயோக வண்டியாக) ஆர்.சி. கையில் வந்த பிறகு முழுப் பணம் கொடுங்கள். "நீங்களே மாத்திக்கோங்க, 30,000 குறைச்சுக்கறேன்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

டெல்லி வண்டி ரொம்ப விலை கம்மியா வருதே, எப்படி?

2015ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளால் டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு நெருக்கடி வந்தது. அதனால் அங்கே விலை இறங்கி, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே கொண்டுவருகிறார்கள். வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் இங்கே மறுபதிவு, நம் மாநில ஆயுட்கால வரி, அலைச்சல், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்தபின் மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். டெல்லி நம்பரோடு "12 மாசம் ஓட்டலாம்" என்று வாங்கி, பிறகு என்.ஓ.சி.யில் சேஸிஸ் நம்பர் பொருந்தாமல் தவித்தவரை எனக்குத் தெரியும்.

வெள்ளத்துல மாட்டின வண்டியான்னு எப்படித் தெரியும்?

சென்னையில் 2015, 2023 டிசம்பர்களிலும், தூத்துக்குடி, திருநெல்வேலியில் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலால் தடவினால் மணல் வரும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கும். இன்ஜின் பிழைத்தாலும் வயரிங் சாக்கெட்டுகள் பச்சை பூத்து, இரண்டு வருடம் கழித்தும் ஒவ்வொன்றாகத் தொல்லை தரும். எந்த விலைக்கும் வேண்டாம்.

பெட்ரோல் வண்டி, ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே கணக்குதானா?

பெட்ரோலில் டர்போ, விலை உயர்ந்த இன்ஜெக்டர் இல்லாத சாதாரண இன்ஜின் என்றால் ரிப்பேர் மலிவு. மாதம் 800 கிலோமீட்டருக்குக் கீழ் ஓட்டுபவருக்கு அதுவே போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்களை மட்டும் கவனித்து மாற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் 1,50,000 தாண்டியிருந்தால், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இல்லாமல் நான் தொட மாட்டேன். 2020க்குப் பின் வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படியான) டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருக்கிறது, ஊருக்குள் மட்டுமே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

15 வருஷம் ஆயிடுச்சுன்னா ஓட்ட முடியாதா? இன்சூரன்ஸ்?

தமிழ்நாட்டில் ஓட்டலாம். ஓன் போர்டு காருக்கு 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025ல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. என் வண்டிக்குப் புதுப்பித்தபோது விளக்கு, டயர், பெயின்ட் வேலை என்று அதற்கு மேல் 18,000 ஆனது, இதையும் விலை பேசும்போது கழியுங்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 முதல் 1500 சிசி காருக்கு 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. வண்டி மதிப்பு 2 லட்சத்துக்குக் கீழே போய்விட்டால் ஃபுல் இன்சூரன்ஸ் தேவையா என்று யோசிக்கலாம். விற்றவருடைய நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை.

பேர் மாத்தாம கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கூடாது. விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாவம், விற்றவர் மாட்டிக்கொள்வார். உங்களுக்கும் இன்சூரன்ஸ் கிளைம் சிக்கலாகும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் கண் முன்னால் கையெழுத்து வாங்குங்கள், ஃபைனான்ஸ் இருந்தால் அதைப் பதிவிலிருந்து நீக்கும் படிவம் 35ம் வேண்டும். பரிவாகன் செயலியில் அபராத பாக்கியைப் பார்த்துவிடுங்கள்.

எந்த இடத்துல "போதும்"னு விட்டுடணும்?

இன்ஜின் போனால் செய்துகொள்ளலாம், கியர்பாக்ஸ் போனாலும் செய்துகொள்ளலாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் அரித்துவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டியை லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. அடுத்தது, ஒரே ரிப்பேருக்கு வண்டியின் சந்தை விலையில் பாதிக்கு மேல் கேட்டால், அதுவும் அடுத்தடுத்து இரண்டாவது முறை என்றால், நான் நிறுத்திவிடுவேன்.

நிறுத்துவதானால் அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுங்கள். அவர்கள் தரும் ஒப்படைப்புச் சான்றிதழைக் காட்டினால், அடுத்து வாங்கும் சொந்த வண்டியின் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதியில் இடம் உண்டு. சாலையோரக் காயலான் கடையில் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கலாம், ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அந்த நம்பர் பிளேட் எந்த வண்டியில் ஏறி எங்கே ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.